ஆக்லாந்திலிருந்து புளியறை வரை

அப்பா இறந்தது ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு. காபி குடித்தார், இட்லி இப்போது வேண்டாம் என்றார், பேப்பரை விரித்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது பேப்பர் மடியில் இருந்தது, கண்ணாடி மூக்கில் இருந்தது, அவர் போயிருந்தார். அடுத்த தெரு டாக்டரைக் கூட்டி வந்தேன். நாடி பார்த்தார், கண்ணை விலக்கிப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அண்ணன் எங்க இருக்காரு?"

"ஆக்லாந்துல."

"அங்கருந்து எவ்வளவு நேரம்?"

அன்றைக்கும் மறுநாளும் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அழுது முடித்ததும் இதைத்தான் கேட்டார்கள். எங்களில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பவன் மூத்த மகன். எங்கள் அண்ணன் பதினான்கு வருடமாக நியூசிலாந்தில் இருக்கிறான். இளையவன் நான், அதே தெருவில் நான்கு வீடு தள்ளி.

கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் தென்காசியில் கிடையாது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருடமாக டிக்கெட் புக்கிங் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வளைகுடாவுக்குப் போகிறவர்கள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் எத்தனை மணி நேரம், ரியாத் எத்தனை, எந்த ஊரில் இறங்கி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் சொல்வேன். நான் விமானத்தில் ஏறியதில்லை. வருகிறவர்கள் நேரத்தைத்தான் கேட்பார்கள். தூரத்தைக் கேட்பவர்கள் முதல் தடவை போகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும்தான்.

அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். இங்கே எட்டு மணி, அங்கே மதியம் இரண்டரை. பின்னால் புல் வெட்டுகிற மெஷின் சத்தம் கேட்டது.

"அண்ணே, மெஷினை நிப்பாட்டு."

நிறுத்தினான்.

"அப்பா போயிட்டாவ."

"எப்ப?" என்றான்.

"இப்பதான். அரை மணி நேரம் இருக்கும்."

"நான் வருதேன். வச்சிருங்க."

என் மடியில் லேப்டாப் ஏற்கெனவே திறந்திருந்தது. அப்பா உள்ளே கட்டிலில் இருந்தார், நான் வாசல் படியில் உட்கார்ந்து விமானம் தேடிக்கொண்டிருந்தேன். "உங்க ஊர்ல ராத்திரி பதினொன்னு அம்பதுக்கு ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர்ல மூணு மணி நேரம் உக்காரணும். அங்கருந்து திருவனந்தபுரம். நாளைக்கு பதினொன்றரைக்கு இறங்கிரலாம்" என்றேன்.

"போடு."

"விண்டோ சீட் வேணுமா?"

விண்டோவை நானே போட்டேன்.

"சாப்பாடு வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

"வெஜ் போடுலே" என்றான். அப்போதுதான் அவன் அழுதுகொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. இருபது வருடப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. வெஜ் என்பதை அழுத்தினேன்.

கணக்கு சுலபம். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் பத்தே முக்கால் மணி நேரம். காத்திருப்பு மூன்று. அங்கிருந்து திருவனந்தபுரம் நாலே கால். வெளியே வர ஒரு மணி. காரில் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு மணிக்கு முன்னால் வீட்டில் இருப்பான், அஞ்சுக்கு எடுக்கலாம். இதைத்தான் எல்லோருக்கும் சொன்னேன். ஐஸ் பெட்டி வந்தது, அப்பாவை அதற்குள் வைத்தோம்.

ஒன்பது மணிக்குச் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெளியே வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து எதையோ தேடியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. பதினோராயிரத்து இருநூத்திச் சொச்சம் கிலோமீட்டர். பறக்குற நேரம் பதிமூன்றரை மணின்னு போட்டிருக்கான். நீ எதுக்கு நாளைக்குச் சாயங்காலம்னு சொல்லுத?"

பார்த்தேன். இரண்டு விமான நிலையத்தின் பெயரைக் கொடுத்தால் நடுவில் ஒரு கோடு போட்டு, அதன் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துச் சொல்லும் ஒரு பக்கம். அப்படி ஒரு விமானம் கிடையாது, அது ஒரு வெறும் கணக்கு என்று விளக்கினேன்.

"கிடையாதுன்னா எதுக்குப் போடுதான்?"

"தெரிஞ்சுக்கிடட்டும்னுதான் சித்தப்பா."

"இறங்காம வரணும்னா வரலாம்லா?"

"பறவையா இருந்தா வரலாம்."

சித்தப்பாவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. நான் டிக்கெட் விற்கிறவன், அதனால் சுற்று வழியாகப் போடுகிறேன் என்று அவர் நினைத்திருக்கவும் கூடும். போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். இப்போது மணி ஒன்பது, பதிமூன்றரையைக் கூட்டினால் இரவு பத்தரை, கார் மூன்று மணி, ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எடுத்துவிடலாம் என்று அவர் சிவகிரியில் அத்தை வீட்டுக்குச் சொன்னது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அம்மா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மதியம் என்னை அருகில் கூப்பிட்டாள். அவளும் தூரத்தைத்தான் கேட்டாள்.

"பதினோராயிரம் கிலோமீட்டர்ம்மா."

"எனக்கு அப்படிச் சொன்னா தெரியுமாய்யா? மெட்ராஸ் மாதிரி எத்தனை?"

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். "பதினெட்டு மெட்ராஸ்."

அம்மா மெட்ராஸுக்கு ரயிலில் போயிருக்கிறாள். ஒரு ராத்திரி. கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பதினெட்டு ராத்திரியை ஒத்த ராத்திரில வருதான்" என்றாள். பிறகு, "உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று சொல்லி, அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் அண்ணனுக்காக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் சிவகிரியிலிருந்து ஒரு வேன் வந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அவர்கள் வீட்டு ஆட்கள், மாலைகள், மொத்தம் பதினாறு பேர். தெருமுனையிலேயே தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்து விழுந்து அழுதார்கள். அரை மணி நேரம் அழுதபிறகு அத்தை மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து, "மூத்தவன் எங்க?" என்றாள்.

"சிங்கப்பூர்ல அத்தை. இப்பதான் அடுத்த பிளேன்ல ஏறுதான்."

அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா, "போட்டிருந்தது ஒண்ணு, நடக்கது ஒண்ணா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்தல் கயிற்றைச் சரிபார்க்கப் போனார்.

எடுப்பதற்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது. துக்க வீட்டில் பதினாறு பேர் பத்து மணி நேரம் என்ன செய்வார்கள்? எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். அருவி சீசன் நேரம், மேற்கே மலை முழுக்க மேகம், தெருவில் சாரல். எட்டரை மணிக்கு வேனைக் காணவில்லை. டீசல் போடப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பதினாறு பேர் போக வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. பத்தரைக்குத் திரும்பி வந்தபோது எல்லோர் தலையும் ஈரமாக இருந்தது, ஒரு மாமாவின் காது மடலில் எண்ணெய் மினுங்கியது.

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில், "ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வந்தோம். எப்படியும் குளிக்கணும்லா" என்றாள்.

"எடுத்த பிறகுதான அத்தை குளிக்கணும்?"

"அப்பவும் குளிப்போம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அஞ்சுலயும் தண்ணி நல்லா விழுது. எங்க அண்ணனுக்குப் பிடிக்கும்." சொன்னதும் எழுந்து போய், ஈரத் தலையோடு ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலையில் அழுததைவிட நிஜமாக அழுதாள். அப்பா போலீஸில் இருந்தபோது சீசன் டூட்டி ஐந்தருவியில்தான் கேட்டு வாங்குவார். எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

அண்ணனின் விமானத்தை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலின் மேல் ஒரு மஞ்சள் பொம்மை விமானம் மெல்ல ஊர்ந்து வரும். அம்மா கால் மணிக்கு ஒருமுறை ஆள் அனுப்பினாள். கடைசியில் நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"இப்ப எங்கன இருக்கான்?"

"இலங்கை மேல."

"இப்ப?"

"தூத்துக்குடி கிட்ட வந்துட்டான்."

தூத்துக்குடி என்றதும் பந்தலில் ஒரு அசைவு. அதுவரை அவன் வெளிநாட்டில் இருந்தான், இப்போது பக்கத்து ஜில்லாவுக்கு வந்துவிட்டான். சிலர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்கள். என்னைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் போனில் அதே விமானத்தைத் தேடிப் பிடித்திருந்தார்கள். பதினொன்றரை ஆனது. விமானம் மலைக்கு அந்தப் பக்கம் போய், திருவனந்தபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொன்று.

"எதுக்குலே சுத்துதான்?" என்றார் சித்தப்பா.

"அங்க மழை. இறங்க விடலை போலுக்கு."

"நேரா இங்க வந்து சுத்துனாலாவது நாம பாக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் அவன் இருந்த இடத்துக்கும் எங்கள் தெருவுக்கும் கோடு போட்டுப் பார்த்தால் எழுபது எண்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரு மலைதான் நடுவில். பந்தலில் இருந்த எல்லோரும், போன் இல்லாதவர்கள்கூட, மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து விமானம் இறங்கியது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரை விமான நிலையத்துக்கு அனுப்பியிருந்தேன். பன்னிரண்டரைக்குப் புறப்பட்டுவிட்டோம் என்றார். பதினோராயிரம் கிலோமீட்டரில் ஆன தாமதம் அரை மணி நேரம். மீதி இருந்தது நூறு. மூன்று மணிக்கு அண்ணன் போன் செய்தான்.

"தம்பி, வண்டி நிக்குது."

"எங்கன?"

"கோட்டைவாசல் தாண்டி மலை இறக்கத்துல. கீழ வளைவுல லாரி ஒண்ணு குறுக்க மாட்டிக்கிட்டாம். முக்கால் மணி நேரமா நிக்குது. இப்பதான் டவர் கிடைச்சுது."

சித்தப்பா மலையடியில் இருக்கும் புளியறை செக்போஸ்ட்டுக்குப் போன் செய்தார். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் போலீஸ், அங்கேயும் ஒருவர் இருந்தார். கிரேன் வர வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கிரேனும் செங்கோட்டையில் நிற்கிறது என்று அவர் சொன்னார். விளக்கு வைப்பதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "இளையவன் இருக்கான்லா" என்றார். மற்றவர்களும் அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள்.

நான் பைக் சாவியை எடுத்தேன். மகன் வீட்டை விட்டுப் போகக் கூடாது, வேறு யாராவது போகட்டும் என்றார் சித்தப்பா. அண்ணனை அந்தக் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிக்க வேறு யாரால் முடியும் என்று ஒரு காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்தான். சிவகிரிக்காரர்களுக்கும் அவன் முகம் தெரியும்.

ஒன்றரை நாளுக்குப் பிறகு வெளியே வந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. செங்கோட்டை வரை குளித்துவிட்டு வருகிறவர்களின் வேன்கள், ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகள். புளியறையில் லாரிகள் வரிசையாக நின்றன, பரோட்டா கடைகளில் டிரைவர்கள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிகளின் இடுக்கில் போக முடிந்த வரை போய், பைக்கை ஒரு கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஏற்றத்தில் நடந்தேன்.

இரண்டாவது வளைவில் அண்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தான். காரை விட்டுவிட்டு நடந்திருக்கிறான். ஆக்லாந்தில் குளிர்காலம், கனத்த கறுப்புச் சட்டை போட்டிருந்தான். தோளில் ஒரு பை. கால் வீங்கி ஷூவின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்ததால் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தான். பார்த்து நாலு வருடம். தலை பாதி நரைத்திருந்தது, நடை அப்பாவின் நடையாக இருந்தது. இரண்டு பேரும் ஒரு அரிசி லாரிக்குப் பக்கத்தில் நின்றோம்.

"லேட்டாயிட்டோ?" என்றான்.

"இல்ல. அஞ்சரைக்கு எடுத்தா போதும்."

"சாப்பிட்டியா?"

"எப்படிச் சாப்பிட? எடுக்கணும்லா."

அவன் முகம் சுருங்கியது. "பிளேன்ல மூணு தடவை குடுத்தான். நான் சாப்பிட்டுட்டேன்" என்றான், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் போல.

"வெஜ்தான?"

"வெஜ்தான்."

"அப்ப பரவாயில்ல" என்றேன்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். செங்கோட்டை தாண்டியதும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டான்.

"கடைசியா என்ன சொன்னாவ?"

இதை யாரும் கேட்கவில்லை. நான் அதற்கு ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. "இட்லி இப்ப வேண்டாம்னாவ" என்றேன்.

கொஞ்ச தூரம் போனபின் அவன் உடம்பு குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. அழுகிறான் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க முடியவில்லை, எதிரே கேரளா பஸ் வந்துகொண்டிருந்தது. என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சாரலில் ஓட்டினால் அப்படி ஆகும்.

வீட்டுக்குப் போகும்போது ஐந்தே கால். அண்ணன் பந்தலைத் தாண்டி நேராகப் போய் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டான். அம்மா அவன் முதுகைத் தடவினாள். "வந்துட்டியாய்யா" என்றாள். பிறகு குனிந்து, "கால் எப்படி வீங்கிருக்கு பாரு" என்று ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். ஆக வேண்டியதெல்லாம் வேகமாக ஆனது. ஆறு மணிக்கு ஆற்றங்கரைச் சுடுகாட்டில் இருந்தோம்.

கொள்ளி வைக்கும் முன் மூத்தவனுக்கு மொட்டை போட வேண்டும். அண்ணனை ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். சவரம் செய்கிறவர் தலையில் தண்ணீர் தெளித்து நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு இழுப்பு இழுத்திருப்பார், அண்ணனின் தலை முன்னால் சரிந்தது. நிமிர்த்தினார். மறுபடியும் சரிந்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் ஊர்க் கணக்குக்கு அப்போது நள்ளிரவைத் தாண்டிவிட்டது, அவன் படுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"கத்தி பட்டிரும் அண்ணாச்சி. தலையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் அவர் என்னிடம்.

முன்னால் மண்டியிட்டு இரண்டு கையாலும் தாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அன்று மதியத்திலிருந்து அவனிடம் சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தேன். இரண்டு நாளாக ஊரே நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டது, பதினான்கு வருடமாக நான் எங்கே இருந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை என்று. அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ராவும் பகலும் நடந்தது, மாத்திரைப் பெட்டி, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். தூங்குகிறவன் தலை அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. முடி என் கை மேல் விழுந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதில் ஒரே பாயில் தூங்கும்போதும் அப்படித்தான் திறந்திருக்கும். கடைசி இழுப்பு முடிந்ததும் கன்னத்தில் தட்டினேன்.

"அண்ணே. எந்திரி."

கண்ணைத் திறந்து, எந்த ஊர் என்று தெரியாமல், ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். பிறகு எழுந்துபோய்ச் செய்ய வேண்டியதைச் செய்தான். சொல்ல வைத்திருந்ததை நான் சொல்லவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் வரை இருந்தான், அப்போதும் சொல்லவில்லை. ஒருநாள் அவனே, கடையில் என் எதிரே கஸ்டமர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, "நீ இருந்ததுனாலதான் நான் அங்க இருந்தேன்" என்றான். நான் பிரிண்டரில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். "தெரியும்" என்றேன்.

அவன் போய் ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"எனக்கு இளையவன்தான வைக்கணும்?"

"எதை?"

"கொள்ளியை. அப்பாவுக்கு மூத்தவன், அம்மைக்கு இளையவன். அதுதான வழக்கம்?"

"அதுக்கு இப்ப என்ன?"

"அவனை அடிச்சுப் பிடிச்சு ஓடி வரச் சொல்லாத. மலையில இறங்கி நடக்க வேண்டாம். பதினாறுக்கு வந்தா போதும். மெதுவா வரட்டும்."

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். "அம்மா நல்லாத்தான இருக்கா?" என்றான்.

"நல்லா இருக்கா. புட்டு அவிச்சிட்டிருக்கா."

"என்ன புட்டு?"

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ராகிப் புட்டு" என்றேன்.